பக்கத்துப் பல்

"அரை மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கேன் டாக்டர். அப்புறமாக் கண்ணாடியப் பாத்துச் சொல்றேன்" என்றாள் மாதேஸ்வரி. சொன்ன கையோடு வாயை மூடியும் விட்டாள். டாக்டர் ஹரிணி நீட்டிய முகக்கண்ணாடி அந்தரத்திலேயே நின்றது. கண்ணாடியை நீட்டினால் எல்லாரும் பல்லைக் காட்டுவார்கள், நல்லாயிருக்கு என்பார்கள், பசை போட்டு ஒட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். முப்பது வயதுகூட ஆகாத அந்த டாக்டரின் அனுபவத்தில் இப்படி ஒருத்தி வாய்ப்பூட்டுப் போட்டு உட்கார்ந்ததே இருக்காது. "ஏம்மா, வலிக்குதா?" இல்லை என்று தலை ஆடியது. "கலர் பிடிக்கலையா? நல்லா மேட்ச் ஆகுதே." அதற்குத் தலை எந்தப் பக்கமும் ஆடவில்லை. மாதேஸ்வரி விரலை நீட்டிச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். பதினொன்று பத்து. "சரி. இன்னும் ஒட்டலை, சும்மா நிக்க வெச்சுருக்கேன். லேசாக் கடிச்ச மாதிரி இருங்க. முழுங்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். அங்கே வேர் சிகிச்சைக்கு வந்தவர் ஒருவர் ஏற்கெனவே ஆ என்று திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மூடின வாய்க்குள் நாக்கு சும்மா கிடக்குமா? நேராகப் புதுப் பல்லிடம்தான் போனது. வழவழப்பு. எச்சில்கூடத் தங்க யோசிக்கிற வழவழப்பு. மேல்வரிசையில் நடுவில் இருக்கும் இரண்டில் வலப்பக்கத்தது. இருபத்தெட்டு வருஷமாக அந்த இடத்தில் இருந்தது உள்ளே உலோகமும் மேலே பீங்கான் பூச்சுமாக ஒரு உறை. ஈறு ஏற ஏற அடியிலிருந்த உலோகம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மை தீட்டினது போல ஒரு கறுப்புக் கோடு. சுண்ணாம்பு வெள்ளையில் பல், மேலே கறுப்புக் கரை. வேட்டியா அது? அதை அறுத்தெடுத்துப் பதினைந்து நாளாகிறது, இத்தனை நாள் ஒப்புக்கு ஒரு பிளாஸ்டிக் பல்லோடு ஓட்டியாயிற்று. இன்று வந்திருப்பது உலோகமே கலக்காத முழுப் பீங்கான். "வெளிச்சம் உள்ள போய்த் திரும்பி வரும்மா, ஈறோரம் கறுக்கவே கறுக்காது, பக்கத்துப் பல்லோட பல்லா நிக்கும்" என்று டாக்டர் அன்றைக்குச் சொன்னபோது அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் மாதேஸ்வரி விழுந்தாள். பக்கத்துப் பல்லோடு பல்லாக. அவளுடைய பக்கத்துப் பல் எது என்று டாக்டருக்குத் தெரியாதா? நட்ட நடுவில் கடுங்காப்பி நிறத்தில் ஒரு திட்டு, அதற்கு மேலே வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்புக் கீற்று, ஓரத்தில் பழுப்பு. பென்னாகரம் பக்கத்துத் தண்ணீர் போட்ட கையெழுத்து. இந்தப் புதுப் பல்லில் அது ஒரு பொட்டுக்கூட இல்லை. கண்ணாடியில் ஒரு நொடிதான் பார்த்தாள், அதற்குள் தெரிந்துவிட்டது. ஆனால் முழுக்கத் தெரியவும் இல்லை. ஏனென்றால் அந்த ஒரு நொடியில் தன் பல்லும் வெளுத்துத்தான் இருந்தது, திட்டுக்கூட மங்கிப்போன மாதிரி, இரண்டும் ஏதோ சமாதானத்துக்கு வந்துவிட்ட மாதிரி. அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது.

பொறி தட்டியதற்குக் காரணம் செபாஸ்டின். சேலத்து லேப்பில் பல் செய்கிறவர், நிறம் பார்க்க என்று அன்றைக்கு நேரில் வந்திருந்தார். மாதிரிப் பற்கள் வரிசையாகக் கோத்த ஒரு பட்டையை வைத்துக்கொண்டு அவளை ஜன்னலோரம் நிற்க வைத்து, "நான் சொல்றப்ப மட்டும் தொறங்கம்மா. வாயத் தொறந்தே வெச்சிருந்தா பல்லு காஞ்சிரும், காஞ்ச பல்லு வெள்ளையாப் பொய் சொல்லும், என்னை ஏமாத்திரும். நாக்கால ஒரு தடவு தடவிக்குங்க" என்றார். காய்ந்த பல் பொய் சொல்லும். இன்று டாக்டர் முக்கால் மணி நேரம் வாயைத் திறக்க வைத்து, பஞ்சு அடைத்து, புஸ்ஸு புஸ்ஸென்று காற்றடித்து, கடி சரியாக விழுகிறதா என்று நீலக் காகிதம் கடிக்க வைத்து, அப்புறம்தான் கண்ணாடியை நீட்டினார். அப்போது எது மேட்ச் ஆகாது? ஆகவே அரை மணி. பல் நனைந்து ஊறித் தன் சுயநிறத்துக்குத் திரும்பட்டும். திரும்பின பிறகு பேச்சு. ஒட்டிவிட்டால் பிறகு கழற்ற முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். சரி, அதெல்லாம் இருக்கட்டும், செபாஸ்டினிடம் நீ என்ன சொன்னாய் மாதேஸ்வரி? "பக்கத்துப் பல்லு மாதிரியே இருக்கட்டுங்க." அவ்வளவுதான் சொன்னாய். இந்தக் கறையையும் போடுங்க என்று வாய்விட்டுச் சொன்னாயா? சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தென்னரசு பக்கத்தில் நின்றான். பெற்ற பிள்ளை பக்கத்தில் நின்றதால் சொல்லவில்லை. அவன் அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தான்? செல்போனை. இல்லை, செபாஸ்டினை. செபாஸ்டினுடைய நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டானே, எதுக்கும் இருக்கட்டும் என்று. எதுக்கு இருக்கட்டும்?

இந்த இடத்தில் எண்ணம் முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுவிட்டது. அவள் அதை இழுக்கவும் பயந்தாள், விடவும் மனசில்லை. தென்னரசுதான் போன் பண்ணிச் சொல்லியிருப்பானோ? வெள்ளையாகவே செய்துவிடுங்கள், ஒன்று வெள்ளையாகப் போய் உட்கார்ந்துவிட்டால் மற்ற ஐந்து முன்பல்லும் தன்னால் வழிக்கு வரும் என்று? அவனுக்குத்தான் இன்னும் இருபத்திரண்டு நாளில் கல்யாணம். பெங்களூரில் வேலை, பெண் வீடு இங்கேயே ஓசூரில், பெரிய மண்டபம். "அம்மா, ஒண்ணு மட்டும் போட்டா அசிங்கமா இருக்கும்மா. ஆறையும் போட்டுரு. எல்லாரும் போட்டோ எடுப்பாங்க." மூன்று மாதமாக இதே பாட்டு. டாக்டரும் ஒத்து ஊதினார்: முன்னால் இருக்கிற மற்ற ஐந்து பல்லையும் கொஞ்சம் கொஞ்சம் ராவிவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில் பீங்கான் மாட்டிவிடலாம், லேப்பில் மூணே நாள், சிரித்தால் நடிகை மாதிரி இருப்பீர்கள். ஐம்பத்து மூன்று வயதில் நடிகையாகி என்ன செய்வது, தடுப்பூசி போட வருகிற பிள்ளைகள் பயந்து ஓடும். ராவுவது என்றால் என்ன? தேய்ப்பது. நல்ல பல்லை, சொத்தை என்றால் என்னவென்று கேட்கிற பல்லை, கொட்டைப்பாக்கைக் கடித்து உடைக்கிற பல்லைத் தேய்த்து எடுப்பது. எடுத்தால் திரும்ப முளைக்குமா? செருப்பு சேரவில்லை என்று காலை வெட்டுவார்களா? இந்தக் கேள்வியை அவள் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உள்ளுக்குள்தான் கேட்டாள். வெளியே கேட்டால் டாக்டர் பேச்சை மறுத்த மாதிரி ஆகிவிடுமே. முப்பது வருஷமாகக் கிராம சுகாதார நர்ஸ் அவள். டாக்டர் சொன்னால் எழுதிக்கொள்வது, தலையாட்டுவது, சரிங்க டாக்டர் என்பது. அந்த வார்த்தை அவளை மீறியே வந்துவிடும், தும்மல் மாதிரி. இன்றைக்கு வாயை மூடிக்கொண்டதே பாதி அதற்குப் பயந்துதான்.

எச்சில் ஊறியது. விழுங்க வேண்டும், ஆனால் பல்லும் சேர்ந்து போய்விட்டால்? பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று ஊரெல்லாம் புத்தி சொல்லியிருக்கிறாள், இப்போது அதையும் லேசாகத்தான் செய்ய வேண்டுமாம். மெதுவாக, நாக்கை மேலே ஒட்டவைத்துக்கொண்டு விழுங்கினாள். பல் அங்கேயே நின்றது, கெட்டிக்காரப் பல். பதினொன்று இருபது. தடுப்புக்கு அந்தப் பக்கம் எந்திரம் கீச்சிட்டது, அந்தச் சத்தம் ஈறுக்குள் வந்து கூசியது. பல்லைத் தேய்க்கிற சத்தம். அவளைப் போலவே கறைப்பல்லோடு வளர்ந்த தென்னரசுக்குப் போன வருஷம் எட்டுப் பல்லுக்கு இந்தச் சத்தம் கேட்டிருக்கும். அவளிடம் சொல்லவே இல்லை. பொங்கலுக்கு வந்தவன் வாசலில் நின்று சிரித்தான், அவளுக்கு ஒரு கணம் யாரோ எதிர்வீட்டுக்கு வழி கேட்க வந்த பையன் என்று தோன்றியது. எட்டும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. எப்படிம்மா இருக்கு என்றான். நல்லாயிருக்குடா என்றாள். எத்தனை பேருக்கு நல்லாயிருக்கு சொல்லியிருக்கிறாள், அதில் இதுவும் ஒன்று. அப்புறம் சித்திரை வெயிலில் ஒரு நாள் வந்தான், பானைத் தண்ணீரை மொண்டு கொடுத்தாள், ஒரு வாய் குடித்தவன் முகம் இழுத்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றான். மோர் கொடுத்தால் கொஞ்சம் வெந்நீர் கலக்கச் சொன்னான். மோரில் வெந்நீர்! கொய்யாவைக் கத்தியால் நறுக்கிக் கடைவாயில் ஒதுக்கித் தின்றான். சின்ன வயசில் கரும்பைப் பல்லாலேயே பட்டை உரித்துத் தங்கச்சிக்குத் தருகிறவன். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, பத்தில் ஒருத்தருக்கோ இருபதில் ஒருத்தருக்கோ என்று டாக்டர் ஹரிணி சமாதானம் சொன்னார். அந்த ஒருத்தன் என் பிள்ளையாக இருக்கிறானே டாக்டர், அவனைப் பெற்ற வாய் இது, இதற்கு மட்டும் வேறு ஜாதகமா? அதையும் கேட்கவில்லை. அவனுக்கு எதிரில் அதைக் கேட்டால் அவன் பட்டதைக் குத்திக் காட்டின மாதிரி ஆகிவிடும். அவன் யாருக்காக அப்படிச் செய்துகொண்டான்? ஆபீஸில் யாராவது எதாவது சொன்னார்களா? சொல்லியிருப்பார்கள். பல்லு தேய்க்கிற பழக்கம் இல்லையா என்று கேட்டிருப்பார்கள். அவளைக் கேட்டார்களே.

அவளைக் கேட்டார்கள். நர்ஸ் பயிற்சியில் விடுதி வார்டன் புதுப் பிரஷ் ஒன்றை வாங்கிவந்து எல்லாருக்கும் முன்னால் கொடுத்தாள். மூன்று மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர்த் தண்ணி என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். வாயை மூடிச் சிரிக்க அவள் எந்த வயதில் கற்றாள் என்று அவளுக்கே தெரியாது, நடக்கக் கற்ற மாதிரி அதுவும் தானாக வந்திருக்க வேண்டும். தெருவுக்கு நடுவில் இருந்த கைப்பம்பு. ஆழ்துளைத் தண்ணீர் என்றால் சுத்தம் என்று எல்லாரும் வரிசை கட்டி நின்று குடித்தார்கள். அதில் இருந்த ஃபுளோரைடு பிள்ளைகளுக்குப் பல் உருவாகிற காலத்திலேயே உள்ளே போய் உட்கார்ந்தது என்பதை அவள் பின்னால் வேலைக்கு வந்த பிறகு ஒரு கூட்டத்தில் கேட்டு எழுதிக்கொண்டாள். எழுதும்போது கை நின்றது. அப்படியென்றால் இது அழுக்கு இல்லை. இது நான் செய்த தப்பு இல்லை. இருபத்தாறு வயதில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தெரிந்துகொண்டாள், ஆனாலும் வாய் மட்டும் மூடியேதான் இருந்தது. தெரிந்தால் போதுமா? பத்தொன்பது வயதில் அதே பம்பின் பிடி எகிறி அடித்து வலப்பல் உடைந்தது. கல்யாணமான பிறகு அவள் புருஷன் தர்மபுரிக்குக் கூட்டிப் போய் அந்த உலோக உறையைப் போட்டுவிட்டார். உடைந்ததைப் பற்றித்தான் பேசினார், கறையைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. நல்ல மனுஷன். போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் இருந்தால் தென்னரசுவிடம் என்ன சொல்லியிருப்பார்? ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றையும் நானேதான் சொல்லித் தொலைக்க வேண்டும். பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். எனக்குப் பல் இருக்கும்போதே சொல் இல்லை.

வெளியே வராந்தாவில் தென்னரசுவின் குரல் கேட்டது, யாரிடமோ போனில். "இல்ல மச்சான், இன்னும் அரை மணி ஆகும்போல... அம்மா... ஆமா, அவங்களுக்குப் பிடிக்கணும்ல." பிடிக்கணும்ல. அதில் என்ன தொனி? சலிப்பா, கரிசனமா? காதைத் தீட்டினாள், அதற்குள் பேச்சு மண்டபத்துக்குத் தாவிவிட்டது. போன் பண்ணியிருப்பான். இல்லை, பண்ணியிருக்க மாட்டான். பண்ணினால்தான் என்ன, அம்மா நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே? இல்லை, தான் தலைகுனியக் கூடாது என்று. பொண்ணு வீட்டார் முன்னால் அம்மா வாயைத் திறந்தால் அவனுடைய எட்டுப் பல்லின் கதையும் வெளியே வந்துவிடும். ஓ. அப்படியா விஷயம்? அவனுடைய பழைய பல் அவள் வாயில் அல்லவா இன்னும் இருக்கிறது! இப்படித் தோன்றியதும் அவளுக்குப் பிள்ளைமேல் கோபமும் வந்தது, அதைவிடப் பெரிசாக ஒரு இரக்கமும் வந்தது. இருமல் வரப் பார்த்தது. இருமினால் பல் போச்சு. உள்ளங்கையை நகத்தால் அழுத்திக்கொண்டாள், மூச்சை மூக்கால் இழுத்தாள், இருமல் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. ஒத்துக்கொண்டால்தான் என்ன மாதேஸ்வரி? இருபத்திரண்டு நாள், ஒரு கல்யாணம், பிள்ளை முகத்தில் ஒரு சந்தோஷம். அதற்கப்புறம்? அதற்கப்புறம் மோரில் வெந்நீர். அறுபது, எழுபது வயது வரைக்கும் இந்தப் பற்களோடு ஓட வேண்டியவள் நான். நான் மட்டும்தான் இதால் தின்ன வேண்டும். வேண்டாம். என்ன ஆனாலும் வேண்டாம். டாக்டர் முகம் சுளித்தாலும், பிள்ளை பேசாமல் போனாலும், இதை வாயால் சொல்லிவிட வேண்டும், தலையை ஆட்டித் தப்பிக்கக் கூடாது. இன்னும் ஐந்து நிமிஷம். வரிசையாக வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டாள்: இது என் பல் மாதிரி இல்லை. மற்ற ஐந்தைத் தொடக் கூடாது. இதைத் திருத்தித் தாருங்கள். மூன்றே வாக்கியம். முதல் வாக்கியத்தைச் சொன்னால் மற்றது தானே வரும்.

பதினொன்று நாற்பதுக்கு டாக்டர் கையுறையை மாற்றிக்கொண்டு வந்தார். மாதேஸ்வரி தானே கண்ணாடியை வாங்கினாள், உதட்டை விரலால் தூக்கினாள், பார்த்தாள். பக்கத்துப் பல் தன் நிறத்துக்குத் திரும்பியிருந்தது. பழுப்பு, சுண்ணாம்புக் கீற்று, நடுவில் அந்தக் கடுங்காப்பித் திட்டு. அதன் பக்கத்தில் புதுப் பல் புதுச் சட்டை போட்ட விருந்தாளி மாதிரி தனியாக நின்றது.

"இது என் பல்லு மாதிரி இல்லைங்க டாக்டர்." சொல்லிவிட்டாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஆமா. இப்ப வித்தியாசம் தெரியுது. காஞ்சப்ப நானே ஏமாந்துட்டேன். அதான்மா சொன்னேன், மத்த அஞ்சையும்..."

"அஞ்சையும் தொடக் கூடாது. நல்ல பல்லுங்க அது. இதைத்தான் திருத்தணும். அந்தக் கறையோட வேணும் எனக்கு."

"கறையோடவா?" டாக்டர் செபாஸ்டினுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். செபாஸ்டின் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "மேடம், அது கறைன்னு நான்தான் விட்டுட்டேன். போட்டோல தெளிவாத் தெரிஞ்சுது. பொதுவா நாங்க எடுத்துட்டுத்தான் பல்லு செய்வோம். கறையோட வேணும்னு இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்லையே" என்றார்.

"என் பையன் எதாச்சும் போன் பண்ணிச் சொன்னானாப்பா?" மாதேஸ்வரியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பையனா? யாரும் பண்ணலைங்கம்மா. என் வேலைதான் இது. ஒட்டாம இருந்தீங்க, தப்பிச்சேன். அனுப்பி வைங்க, மேல நிறம் தீட்டி, இன்னொரு தடவை சூளைல வெச்சு எடுத்துடறேன். ரெண்டு நாள். இப்ப வீடியோல அந்தப் பல்லைக் கிட்டக்கக் காட்டுங்க, வரைஞ்சுக்கறேன்."

அரை மணி நேரமாகப் பெற்ற பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தோமே என்று மாதேஸ்வரிக்கு வெட்கமாகப் போயிற்று. டாக்டருக்கு இரண்டு கையும் உதட்டை விலக்கவே வேண்டியிருந்தது. தென்னரசுவைக் கூப்பிட்டார்கள். அவன் வந்தான், விஷயத்தைக் கேட்டான், போனை வாங்கி அம்மாவின் வாய்க்கு நேராகப் பிடித்தான். திரையில் அந்தப் பல் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. இவ்வளவு கிட்டத்தில் அவளுடைய வாயை யாரும் பார்த்ததில்லை. மூட வேண்டும் என்று உதடு துடித்தது. மூடவில்லை.

"அம்மா, கொஞ்சம் கம்மியாத் தீட்டட்டுமா? கல்யாணம்னு சொன்னாங்களே" என்றார் செபாஸ்டின்.

மாதேஸ்வரி டாக்டரின் கையை விலக்கினாள். "கம்மியெல்லாம் வேண்டாம். அதுல எவ்வளவு இருக்கோ அவ்வளவு."

மறுபடி வாயைத் திறந்தாள். தென்னரசு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, எனக்கு இது எந்தப் பல்லுல இருந்துச்சு?"

அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "ரெண்டு நடுப்பல்லுலயும்டா. எடப்பக்கத்துல கொஞ்சம் பெருசு. அரிசி அளவு."

"எனக்கு ஞாபகமே இல்லம்மா" என்றான்.

"போனை ஆட்டாதீங்க சார்" என்றார் செபாஸ்டின், "பல்லு தெரியலை."